கரையைப் பிடித்த விரல்கள்

இது நடந்தது. குடித்திருந்தேன் என்று சொல்பவன் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

இங்கிலாந்தில், சஃபோக் வயல்காடு. டிசம்பர். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பண்ணைவீடுகளைச் சுற்றி வெட்டிய அகழிகளைக் கண்டுபிடிப்பது என் வேலை. தர்லோ என்ற விவசாயியின் நிலத்தில் ஒன்று இருந்தது. சதுரமாக ஓடும் பள்ளம், நடுவில் மேடு, மேடு முழுக்கக் காய்ந்த காஞ்சொறி, தொட்டால் அரிக்கும் செடி. ஆட்கள் குடியிருந்த மண்ணில்தான் அது அப்படி மண்டும்.

தர்லோவுக்கு அதைத் தூர்த்து உழ வேண்டும்.

"படிச்ச பொண்ணுக்கு வாத்துக் குட்டைகூடத் தெரியலையா?"

"குட்டைக்கு எதுக்குய்யா நாலு மூலை? வாத்து கயிறு புடிச்சு வெட்டுச்சா?"

"வாய் மட்டும் நல்லா இருக்கு. இன்னைக்குள்ள நிரூபி. காலையில மண்ணு லாரி வருது."

டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அகழி என்றால் உள்ளே போக வழி இருக்கும். இதில் இல்லை. பாலம் இருந்திருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி, மண் துளைக்கும் கம்பியைத் திருகினேன். அடியில் எரிந்த மரம் வந்தது. பாலத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள்!

பிற்பகல் மணி 3.50. டிசம்பரில் அங்கே அப்போதே இருட்டத் தொடங்கிவிடும்.

துளையிலிருந்து புகை வாசனை... புதுப் புகை.

பின்னால், மேட்டிலிருந்து, பல பேர் ஓடி வரும் சத்தம். திரும்பினேன். காஞ்சொறி அசையவில்லை.

பயந்துபோய் வெளிக்கரையைப் பிடித்து ஏறினேன்.

டப்.

இடது கை விரல்களில் தடி அடி. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. கரையில் யாருமில்லை.

மறுபடி பிடித்தேன்.

டப். டப்.

ரத்தம்.

முதுகில் ஏதோ ஏறியது. சின்னக் கைகள். கழுத்தைக் கட்டிக்கொண்டன. காதில் மூச்சு... சூடாக.

வலது கையை நீட்டினேன்.

மேலே காற்று கிழிந்தது...

வெளிச்சம். டிராக்டர். தர்லோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா... உன் முதுகுல யாரு?"

உதறினேன். பள்ளத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

லாரியை அவரே நிறுத்தினார். ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டினோம். பதினோரு எலும்புக்கூடுகள். ஒருவர் மேல் ஒருவர் ஏறி, வெளிக்கரையை நோக்கி. எல்லோருக்கும் விரல்கள் நொறுக்கப்பட்டிருந்தன.

உச்சியில் கிடந்த குழந்தைக்கு மட்டும் விரல்கள் முழுசாக இருந்தன. அதன் கைகள் முன்னால் வளைந்திருந்தன, ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பது போல.

அந்த வளைவுக்குள் யாரும் இல்லை.