பரிமளா மேடம் ஷூ வாங்கிய விதம்

பரிமளாவின் இரண்டு கால்களும் கடைசிவரை முழுதாக இருந்ததற்கு, அவர் கற்றுக்கொண்ட சொற்கள்தான் காரணமா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அவர் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டவர். நல்ல டாக்டர் கிடைத்தார். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று பொருளாதார வகுப்பில் ஆண்டுதோறும் சொல்பவள் நான். ஆனாலும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சொற்கள்தான் முதலில் வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி முருகேசன் போன் செய்தார். கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருப்பவர். எப்போதும் வயலின் அந்தக் கரையில் நிற்பவரோடு பேசுவதுபோல உரக்கப் பேசுவார். அன்று குரல் இறங்கியிருந்தது.

“மேடம், அக்கா போயிட்டாங்க. மத்தியானம் சாப்புட்டுட்டு நெஞ்சு வலிக்குதுன்னாங்க. கள்ளக்குறிச்சிக்குத்தான் இட்டுக்கினு போனோம். ஒண்ணும் பண்ண முடியலன்னுட்டாங்க. வூட்டுக்கு எடுத்தாந்துகினு இருக்கோம். நாளைக்கு வந்துடுங்க” என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இதயத்தைப் பற்றி அவரும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. இத்தனை வருடங்களாக நாங்கள் கவலைப்பட்டதெல்லாம் அவருடைய பாதங்களைப் பற்றித்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் நம் கல்லூரியில் அவரிடம் தாவரவியல் படித்தவர்கள். மற்றவர்கள் எங்களோடு வேலை பார்த்தவர்கள். பருத்திப் புடவையும், அதற்குக் கீழே அகலமான கறுப்பு ஷூவுமாக அவர் வராண்டாவில் நடந்து வருவது நினைவிருக்கும். ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்று மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் நினைவிருக்கும். அது அவருக்குத் தெரியும். “நல்லவேள, ஏட்டம்மான்னு வெக்காம உட்டாங்களே” என்பார்.

ஷூவின் காரணத்தை அவர் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. இனி சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். சர்க்கரை நோயால் அவருடைய பாதங்களில் உணர்ச்சி மிகவும் குறைந்துவிட்டிருந்தது. நமக்குச் செருப்பு கடித்தால் கால் உடனே சொல்லிவிடும். கடையில் போட்டு நாலடி நடந்ததும் இது வேண்டாம், அது இருக்கட்டும் என்று நாம் முடிவெடுப்பது காலைக் கேட்டுத்தான். அவருக்கு அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது.

மூடிய, மெத்தென்ற ஷூ போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவர் முதலில் செய்தது, நம்மில் யாரும் செய்திருக்கக்கூடியதுதான். காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, காலையிலேயே கடைவீதிக்குப் போனார். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. காட்டிய ஷூ முன்பக்கம் குறுகலாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது என்று பிறகு சொன்னார். எழுந்திருக்கப் பார்த்தபோது கடைக்காரர், “மொத போனி மேடம். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு நாளு போட்டா லூஸாயிடும்” என்றாராம். போனி நேரத்தில் வெறுங்கையோடு இறங்கி ஒருவரின் அன்றைய வியாபாரத்தைக் கெடுப்பதா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஷூ லூஸாகவில்லை. அவருக்கு அது இறுக்குகிறது என்றும் தெரியவில்லை. ஒருநாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிடும்போது மேசைக்கடியில் ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்த நான் அவருடைய சாக்ஸின் ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். சொன்னேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வலிக்கலையே” என்றார். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் முழுக்கப் போயிருந்தது.

அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. இன்னொரு முறை இப்படி வந்தால் விரலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், எடுக்க ஆரம்பித்தால் எப்போதும் விரலோடு நிற்பதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, தேர்வு அட்டவணையைச் சொல்லும் குரலிலேயே பரிமளா இதை என்னிடம் சொன்னார்.

காயம் ஆறியபின் ஒரு சனிக்கிழமை என்னைத் தாவரவியல் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். பூக்களைப் பிரித்துக் காட்டும் தட்டில் அந்த ஷூ இருந்தது. அதை நடுவில் வகிர்ந்து வைத்திருந்தார். பக்கத்தில் போனில் ஒரு படம். ஷூவின் பாகங்களுக்கெல்லாம் கோடு இழுத்துப் பெயர் எழுதிய படம்.

“செம்பருத்திப் பூவ அறுத்தா பதினெட்டு வயசுப் பசங்கள ஒவ்வொரு பாகத்துக்கும் பேரு சொல்லுன்னு வெரட்டறோம்” என்றார். “என் கால காவு வாங்கப் பாத்தது இது. இதுல ஒண்ணுக்காவது பேரு தெரியுமா எனக்கு?”

நான் நம்பவில்லை. இந்தச் சொற்களில் பாதி, விலையை ஏற்றுவதற்காகக் கம்பெனிகள் உண்டாக்கியவை என்றேன். அவர் கோபப்படவில்லை. “இருக்கும். எது கம்பெனிக்கான சொல்லு, எது காலுக்கான சொல்லுன்னு பிரிச்சுட்டா போச்சு” என்றார். பிரிப்பதற்கு அவர் வைத்துக்கொண்ட விதி எளிது. கையால் அழுத்தியோ வளைத்தோ அளந்தோ சோதிக்க முடிந்தால் அது சொல். முடியாவிட்டால் விளம்பரம்.

அந்த விதியில் தேறிய சொற்கள் கொஞ்சம்தான். டோ பாக்ஸ் என்பது விரல்கள் இருக்கும் முன்பகுதி. அதன் உயரத்தையும் அகலத்தையும் உள்ளே கைவிட்டே பார்த்துவிடலாம். ஹீல் கவுண்டர் என்பது குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் விறைப்பான பகுதி. இரண்டு விரலால் பிசைந்தால் மடங்கக் கூடாது. அவுட்சோல் தரையைத் தொடும் அடிப்பகுதி. ஷூவை வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும், நடுவில் அல்ல. இன்சோல் உள்ளே கால் படியும் மெல்லிய மெத்தை. “இதுதான் சாட்சி” என்று அதைத்தான் அவர் அதிகம் மதித்தார். ஏன் என்பது எனக்குக் கடையில்தான் புரிந்தது.

இந்த முறை மாலையில் போனோம். நாளெல்லாம் நின்ற கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும் என்றார். போனி பயமும் இல்லை. வேறு கடை. அங்கிருந்த விற்பனையாளர் ஒரு ஷூவை எடுத்து, மேகத்தில் நடப்பதுபோல இருக்கும் என்றார். பரிமளா அதை வாங்கி, உள்ளிருந்த இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். பாதம் இருபுறமும் வெளியே வழிந்தது.

“ஒங்களுக்குக் கால் கொஞ்சம் அகலம் மேடம்” என்றார் விற்பனையாளர்.

“கால் அளவாதாங்க இருக்கு, ஷூதான் குறுகல். என்னால கால மாத்த முடியாது. நீங்க ஷூவ மாத்தலாம்.”

அட்டைப் பெட்டிகள் உயர்ந்துகொண்டே போயின. பெண்களுக்கானவை எல்லாமே முன்பக்கம் கூம்பியிருந்தன. கடைசியில் அவர் எதிர்ப்பக்க அலமாரியைக் காட்டினார். விற்பனையாளர் தயங்கி, “அது ஜென்ட்ஸ் மேடம்” என்றார்.

“காலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. எடுங்க.”

அந்தக் கறுப்பு ஷூதான் நீங்கள் எல்லோரும் பார்த்தது. அது தேய்ந்தபின் அதே அச்சில் இன்னொன்று. பில் போடும் இடத்தில் முதலாளி, மேடம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். “இல்லீங்க, கஸ்டமர் வேல” என்று சொல்லிவிட்டு பரிமளா பையை வாங்கிக்கொண்டார்.

எல்லா முறையும் இப்படி வெற்றியாக முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒருமுறை ஆன்லைனில், சரியான சொற்கள் எல்லாம் போட்டிருந்த ஒரு ஜோடியை வரவழைத்தார். அகலமான டோ பாக்ஸ் என்று எழுதியிருந்தது. வந்தது அகலமாக இல்லை. நான் சொன்னேனே என்ற முகத்தோடு நின்றேன். “சொல்லு சரிதான். சொன்னவன்தான் சரியில்ல” என்று அன்றே திருப்பி அனுப்பினார்.

கல்வராயன் மலைக்கு மாணவர்களை அழைத்துப் போவதை அவர் விட்டுவிடுவார் என்று துறையில் நினைத்தார்கள். டாக்டரும் மலை வேண்டாம் என்றுதான் சொன்னார். பரிமளாவோ அது வேலையின் பகுதி என்றார். மலைக்குப் போகாத தாவரவியல், படத்தைப் பார்த்து நடத்தும் பாடம் ஆகிவிடும். அதற்கு நான் எதற்கு என்று கேட்டார். மாணவிகளுக்குத் துணையாக ஓர் ஆசிரியை வேண்டும் என்று ஒரு வருடம் நானும் போனேன். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் டீக்கடைக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றினார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவினார். பிறகு கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நடந்தபோதெல்லாம் இடையிடையே அவர் இதைச் செய்தார். மாணவிகள் பழகிவிட்டார்கள். அங்கே கூடையில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த பெண்மணிக்குப் பழக்கமில்லை.

“இன்னாம்மா இது, எல்லாரும் கண்ணாடில மூஞ்சப் பாப்பாங்க. நீ கால பாத்துக்கினு கீற?”

“மூஞ்சி எங்கயும் போவாதும்மா. காலுதான் சொல்லாம போயிடும்.”

அந்தப் பெண்மணி அதை யோசித்துப் பார்த்தார். பிறகு தன் காலைத் திருப்பி, வெடிப்புகளோடு இருந்த குதிகாலைக் காட்டி, “இது எங்க போவுது, நான் தொரத்துனாலும் போவாது” என்றார். மாணவிகள் சிரித்தார்கள். பரிமளா சிரிக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரிடம் சர்க்கரை பார்த்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கும் பஸ் எங்களுக்குத் தவறியது.

நாங்கள் இருவரும் இத்தனை வருடங்களில் ஒருவரையொருவர் ‘நீ’ என்று சொன்னதில்லை. அவர் வீட்டில் நான் சாப்பிட்டதும் குறைவு. நெருங்கிய தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அவருடைய விதி என்னிடம் தங்கிவிட்டது. வகுப்பில் ‘வளர்ச்சி’ என்றோ ‘நலன்’ என்றோ ஒரு சொல் வந்தால், இதை எப்படித் தொட்டுப் பார்ப்பது, எதை வைத்து அளப்பது என்று கேட்கிறேன். பதில் வராத சொல்லைப் பலகையிலிருந்து அழித்துவிடுகிறேன். மாணவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

முருகேசன் போன் செய்த மறுநாள் நடந்தது இது. காலையில் கச்சிராயபாளையம் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் குளிப்பாட்டி முடித்து, புதுப் புடவை சுற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நனைந்துவிட்டதால், பரிமளாவின் சித்தி வேறு துணியைக் கிழித்து மறுபடி கட்டினார். நான் கால்மாட்டில் நின்றேன். பத்து விரல்களும் இருந்தன. சுண்டுவிரல் ஓரத்தில் பழைய தழும்பு வெளுத்துத் தெரிந்தது. சித்தி வயதானவர், ஆனாலும் பலம் கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். விரல்களின் பக்கத்தில் தோல் மடிந்தது.

“இறுக்குதுங்க” என்றேன்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, தளர்வாகக் கட்டினார்.