நன்றி சொல்லி அகப்பட்ட அப்பா

அயர்லாந்தில், கால்வாய்க்கரையில் இருக்கும் சின்னச் சந்தை ஊர் ஒன்றில், சித்தி வீட்டில் ஒரு கிழமை நின்றுவிட்டுப் இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோவுக்குத் திரும்பியிருக்கிறோம். சித்தியின் ஊரில் வாத்துகூடச் சத்தம் போட யோசிக்கும். பஸ்ஸால் இறங்கும் எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்று பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் வெயிலில் காய்ந்து, கனநேரம் பிந்தி வந்த பஸ்ஸில் ஏறினோம். இறங்கும் இடத்தில் அப்பா முன்கதவுக்குப் போய், "கிராத்சியே!" என்று கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்.

ஓட்டுநர் கதவைத் திறக்கவில்லை.

"என்ன, நக்கலோ? பஸ் பிந்தினது என்ரை பிழையோ?" என்று இத்தாலியனில் பாய்ந்தார்.

"இல்லை, உண்மையாத்தான் சொன்னனான்!" என்றார் அப்பா. பஸ்ஸில் ஒருவரும் நம்பவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், கெதியா விளங்கப்படுத்தடா. இண்டைக்கும் வேலைக்குப் பிந்தினா என்னை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

விளங்கப்படுத்தினேன்: "குறை நினைக்காதேங்கோ சிஞ்ஞோரே. பஸ் நேரத்துக்கு வாற ஊரிலை ஒரு கிழமை இருந்தவர். இன்னும் தெளியேல்லை."

கதவு உடனே திறந்தது. "பாவம், கவனமாக் கூட்டிக்கொண்டு போ" என்றார் ஓட்டுநர்.

அப்பா ஓடிப்போய் வேலையைக் காப்பாற்றிவிட்டார். என்னோடுதான் இன்னும் கதைக்கவில்லை.

நாளைக்கும் அதே பஸ், அதே ஓட்டுநர். இறங்கும்போது அப்பா என்ன சொல்லலாம்? நீங்களே எழுதுங்கள், நான் சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.