மகள் ஓடிய அன்று

மகளின் கையிலிருந்த குளுக்கோஸ் பாக்கெட்டை ஓட்டம் தொடங்குமுன் நான்தான் பிடுங்கிக்கொண்டேன். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவள் அவள். செஞ்சிக் கோட்டையைச் சுற்றி நடந்த அந்த நெடுந்தூர ஓட்டத்தைப் பார்க்க, அவளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் வந்திருந்தார்கள்.

"மயக்கம் வந்தா இன்னா பண்றது நைனா?"

"நின்னுடு. சக்கரைன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது."

அவள் நிற்கவில்லை. பாதி வழியில் விழுந்து, ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தாள். வலிப்பு என்று ஊர் பேசியது. பொறுக்க முடியாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சம்பந்தம் முறிந்தது.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மறைக்கணும்னு நீதான் முடிவு பண்ணின. சொல்லணும்னும் நீயே முடிவு பண்ணிட்ட. என்னை எப்ப கேட்ட?" என்றாள்.

இப்போது சென்னையில் இருக்கிறாள்; இன்னும் ஓடுகிறாள். எங்கே, எந்த நாளில் என்று என்னிடம் சொல்வதில்லை.