சிவப்பு விலகிய லேபிள்கள்

அச்சு மை வாசனை. என் முதல் புத்தகத்தைப் பிரித்து முகர்ந்த காலை கண்முன் வருகிறது. கோவில்பட்டியில் நிற்கும் மதுரைப் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் தீப்பெட்டி லேபிள் கட்டு. எல்லாம் சிவப்பு மை இடம் விலகி அச்சான கழிவுகள். சூரிய மின்கலத்தை மைபோல அடுக்கடுக்காக அச்சடிக்கும் முனைவர் ஆய்வுக்கு அவளுக்கு நேர்காணலாம். இருப்பது ஒரே இடம்.

"நல்லதா நாலு கொண்டுபோன்னா கேக்க மாட்டேங்கா, அண்ணாச்சி," என்கிறார் என்னிடம், சன்னலுக்கு வெளியே நிற்கும் அவள் அப்பா. லேபிள் அச்சடிப்பவர்.

"நல்லத யாரும் காட்டலாம்பா. கரிசக் காத்துல தாள் சுருங்கி அடுத்த கலர் விலகுதுல்லா, அது ஏன்னு எனக்குத் தெரியும். அங்கனயும் அடுக்கு விலகுனா கரண்டு வராது."

நானே நேர்காணலுக்குப் போவதுபோல நெஞ்சு துள்ளுகிறது. பேருந்து நகர்கிறது. அப்பா சட்டைப்பையிலிருந்து மடித்த லேபிள் ஒன்றை எடுத்து, கூடவே நடந்து நீட்டுகிறார்.

"ஏட்டி, இது நேத்து கெட்டது. இதையும் காட்டு. யாரு அடிச்சதுன்னு மட்டும் சொல்லிராத."