கை நனைத்த தட்டு

நீல விளிம்பு வைத்த அந்த எனாமல் தட்டைப் பழைய சாமான்காரனுக்குப் போட என் மருமகள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். விடுவேனா நான்? என் நாத்தனாரின் கல்யாணம் அந்தத் தட்டில்தான் முடிவானது. முடிவானதா, சிக்கிக்கொண்டதா என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். பம்பாய் தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குத் திலக் நகரிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் நாத்தனாரைப் பெண் பார்க்கக் காலையில் வந்தார்கள். காப்பி குடித்துவிட்டு எழுந்தபோது பிடித்தது மழை. தண்டவாளம் முங்கி ரயிலும் நின்றுபோனது. சாயங்காலம் ஆகியும் விடவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், சம்பந்தம் பேசி முடிக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அந்த அம்மா பட்டினியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பையன் முகமோ வாடிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தட்டில் சோறும் ரசமும் போட்டு அவன் முன்னால் வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்; இன்னொரு கரண்டி ரசமும் கேட்டான். "ஏலே, என்ன காரியம்லே செஞ்சுட்ட!" என்று அவன் அம்மா பதறியபோது தட்டு காலி.

போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இடையில் கல்யாண் ஊரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. "கை நனைச்சவன் இருக்கும்போது தங்கச்சிய இன்னொருத்தனுக்குக் காட்டவா?" என்று என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். நாமே போய்க் கேட்பதும் கௌரவக் குறைச்சலாம். அந்தப் பெண் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நின்றாள். பழி முழுக்க என் தலையில்.

"நீ எதுக்குச் சோறு வச்ச?"

"பசிச்சவனுக்குச் சோறு போடச் சட்டமா படிச்சிருக்கணும்?" என்று கத்தினேன்.

அதைப் பிடித்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு வக்கீலிடம் போய்விட்டார் மனிதர். வக்கீல் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பொண்ணைக் காட்டறது சட்டத்துல சொல்ற ஆஃபரே இல்லை. கடையில சாமானைப் பரப்பி வெக்கறாளே, அது மாதிரி. வாங்க வரவன்தான் கேக்கணும்."

"எந் தங்கச்சி கடைச் சாமானா சார்?" என்று இவர் எழுந்துவிட்டார்.

வக்கீல் கையமர்த்தினார். "நீங்க நீட்டினது சோறு, அவன் ஏத்துண்டதும் சோறு. ஆனா உங்க ஊர் வழக்கம் தெரிஞ்சே சாப்பிட்டிருந்தா, அது சம்மதம்னு சொல்லலாம். தெரிஞ்சு சாப்பிட்டானா, தெரியாம சாப்பிட்டானா?"

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த பையன். எங்களுக்கு எப்படித் தெரியும்? போனபோது இருந்த குழப்பம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தோம்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அவரு மனசுல உள்ளத வக்கீல் எப்படிச் சொல்லுவாரு? வாங்க மைனி, நேர போய்க் கேப்போம்" என்றாள். இருவரும் கிளம்பினோம். திலக் நகர் வீட்டில் அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். வாசலில் நின்றபடியே அவனிடம் கேட்டாள்: "அன்னைக்குத் தெரிஞ்சா சாப்பிட்டீய?"

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "தெரிஞ்சுதான். உங்க வீட்டுலேருந்து சொல்லி விடுவாகன்னு இருந்தேன்" என்றான். இவள் உள்ளே போய்க் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அப்போ எனக்கும் ஒரு தட்டு வைங்க அத்தை."

அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் நிறைகிறது.

நாத்தனாரின் வீட்டுக்காரரான அவர் போன வருஷம் தவறிவிட்டார். போன மாதம் வந்த நாத்தனாருக்கு அதே தட்டில் ரசஞ்சோறு போட்டேன். பாதியில் கையை நிறுத்தினாள். "மைனி, அவரு நெசமாவே தெரிஞ்சுதான் சாப்பிட்டாரா? இல்ல, நான் வாசல்ல வந்து நின்னுட்டேனேன்னு அப்படிச் சொன்னாரா?"

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்னிடம் கேட்கிறாள்!

"சோறு வச்சவ நான். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சாப்பிட்டாரு" என்றேன்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டபோது நான் பார்த்தது அவருடைய உச்சந்தலையை மட்டும்தான். அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.