பத்தாவது பேர்

முட்டை பன்னிரண்டரை மணிக்கு வீடு தேடி வந்துவிடும். சத்துணவு சமைக்கிறவர் அதை ஒரு கிண்ணத்தில் மூடி, வீட்டுப் பக்கம் போகிற பிள்ளை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். "பரிதிக்கு முட்டை" என்று வாசலில் குரல் கேட்டால் அவன் அம்மா தையல்நாயகி போய் வாங்கிக்கொள்வாள். பிள்ளை வீட்டில் இருக்கிறான், பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. முட்டை பேருக்குத்தான் வருகிறது.

இளம்பரிதிக்கு ஐப்பசியில் ஆறு வயது முடியும். இன்னும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான். ஆட்டிசம் என்று திருவாரூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். மூன்றே நாள். பள்ளிக்கூடத்து மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை அடித்ததும் அவன் அலறிக்கொண்டு ஓடிப்போய், அதிர்கிற இரும்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிடித்தவனைப் பிரிக்க முடியவில்லை.

"பேரு இருக்கட்டும்மா. பிள்ளைய வீட்டுல வச்சுக்குங்க. வருகையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் தலைமையாசிரியர் பஞ்சநாதன். கெட்ட மனுஷர் இல்லை. அப்படியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

புதன்கிழமைதோறும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை ஜன்னத் பீவி வீட்டுக்கு ஸ்கூட்டரில் வருவார். ஒரு மணி நேரம். பரிதிக்கென்று ஒரு திட்ட நோட்டு வைத்திருந்தார். 'மூன்று மாதத்தில்: வேண்டிய பொருளைப் படத்தில் தொட்டுக் காட்டுதல்' என்று முதல் பக்கத்தில் இருந்தது.

"வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல இது நடக்காது தையல்" என்றார் ஒருநாள். "எனக்கு முப்பத்தாறு பிள்ளைங்க, பதினெட்டு ஊரு. கும்பகோணத்துல ஒரு மையம் இருக்கு. தினம் பயிற்சி, வேன் மெயின் ரோட்டுக்கு வரும். ஆறு வயசுக்குள்ள சேத்தாத்தான் எடுப்பாங்க. இப்ப ஒரு இடம் காலி. இந்த ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் நமக்காக வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, இங்க பேரு இருந்தா அங்க சேக்க மாட்டாங்க. டி.சி. வாங்கிடு."

டி.சி. கேட்கப் போனபோதுதான் தையல்நாயகிக்குக் கணக்கு விளங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் பத்துப் பேர். பத்தாவது பேர் பரிதி.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி கணக்கெடுப்பாங்க" என்றார் பஞ்சநாதன். "பத்துக்குக் கீழ போனா பள்ளிக்கூடத்தப் பக்கத்து ஊரோட சேத்துடுவாங்கன்னு பேச்சு. ஒம்பது பிள்ளைங்களும் ரோட்டத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். ஒண்ணாந்தேதி முடியட்டும், ரெண்டாந்தேதி நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அங்க முப்பத்தொண்ணோட முடிஞ்சிடும் சார்."

அவர் மேசை மேலிருந்த சாக்பீஸ் தூளை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "அப்பன்காரனும் கையெழுத்துப் போட்டு மனு குடுக்கட்டும். நான் மறுக்க முடியாது."

அப்பன்காரன் செல்லதுரை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். ரேஷன் கார்டு, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன் என்று ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற கை அவனுடையது. அதுமட்டுமா? அந்தப் பள்ளிக்கூடமே அவன் தாத்தா கண்ணுசாமி ஜெயிலுக்குப் போய் வாங்கியது. கழகம் ஆட்சிக்கு வந்த புதிது, கூலிக்கும் குடிமனைக்கும் சண்டை நடந்த காலம். பண்ணையின் நெற்களத்தில் பொழுது விடிவதற்குள் கீற்றுக் கொட்டகை எழுப்பினார்கள். காலி செய்ய வந்த தாசில்தார், "இது பள்ளிக்கூடம்னா பிள்ளைங்க எங்க?" என்று கேட்டாராம். உடனே பால்குடிப் பிள்ளை வரை தூக்கிவந்து வரிசையாக உட்கார வைத்துத் தலையை எண்ணிக் காட்டினார்கள். செல்லதுரையின் அப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. கொட்டகை நின்றது. கண்ணுசாமி நாற்பது நாள் ஜெயிலில் இருந்தார்.

இதையெல்லாம் அவளுக்கு நினைவூட்ட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. களையெடுக்கும்போது பக்கத்து நிரையில் இருந்த செவ்வந்தி பேச்சை எடுத்தாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பு.

"கண்ணுசாமித் தாத்தா வாங்குனத பேரன் பொண்டாட்டி மூடுறாளாம்ல?"

"ஒம் பொண்ணு மூணு நாள் பள்ளிக்கூடம் போயி வீட்டுல உக்காந்தா நீ பொறுப்பியா?"

"ஒம் பையன் எங்க போனாலும் ஒண்ணுதானேடி" என்றாள் செவ்வந்தி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தையல்நாயகி களையைப் பிடுங்கிக்கொண்டே அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டாள்.

மனுவைத் தையல்நாயகியே எழுதினாள். பத்தாவது வரை படித்தவள்; கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். செல்லதுரையிடம் நீட்டினாள். அவன் இரண்டு தரம் படித்தான்.

"எழுத்துப் பிழையே இல்ல" என்றான்.

"நான் அதக் கேக்கல."

"போட்டு நானே நேர்ல குடுத்துடுறேன். நீ போய் நின்னா ஊரு பேசும்."

நான்காக மடித்துச் சட்டைப் பையில் சங்க ரசீது புத்தகத்தோடு வைத்துக்கொண்டான். மறுநாள் கேட்டாள். "சார் மீட்டிங் போயிட்டாரு" என்றான். அதற்கடுத்த நாள், "கிளைக் கூட்டம் இருந்துச்சு." நாலாம் நாள் அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யோடும் குடித்தனம் நடத்த வேண்டும் என்று தோன்றியது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவன் குளிக்கப் போனபோது பையில் கைவிட்டாள். மடிப்பு வேர்வையில் நைந்து போயிருந்தது. அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் அப்படியே காலியாக இருந்தது.

ஈரத்தலையோடு வந்தவன், அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். "பேனாவ எடுத்தேன் தையலு. எடுத்தேன். ஒம்பது பிள்ளைங்க..." என்று நிறுத்தினான்.

"நம்ம பிள்ளை ஒண்ணு" என்றாள்.

அவன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். அடிக்க வந்தாலாவது திருப்பி ஏதாவது செய்திருப்பாள். மதியம் ஜன்னத் பீவி போனில் கேட்டபோது, "வேற பிள்ளைக்குக் குடுத்துடச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

ஒன்றாம் தேதி கணக்கெடுத்தார்கள். பத்து. பள்ளிக்கூடம் பிழைத்தது. சாயங்காலம் செவ்வந்தி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் போனாள்.

இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தையல்நாயகி பரிதிக்குச் சீருடை போட்டாள். ஜூனில் தைத்தது, மூன்று நாள் போட்டுத் துவைத்து வைத்த கஞ்சி மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது. கையைப் பிடித்துத் தெரு வழியே நடத்திக்கொண்டு போனாள். களைக்குப் போகிற பெண்கள் எதிரே வந்தார்கள். "வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்ல. இனிமே வர முடியாது" என்றாள்.

பஞ்சநாதன் எழுந்து நின்றுவிட்டார். "டி.சி. இப்ப வேணா தர்றேம்மா. சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

"எங்க கொண்டு போயிக் குடுக்க சார்?"

"சரி... எதுக்கு இவன..."

"பேரு இங்கதானே இருக்கு."

"மணி அடிச்சா இவன்..."

"அடிக்காதீங்க."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியில் சுத்தியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்பது பேரையும் கைதட்டி உள்ளே கூப்பிட்டார். ஜன்னலோரம் மூலையில் பரிதி உட்கார்ந்தான். அவன் எழுந்து ஓடாமல் இருக்க, காலை மடக்கிச் சுவரோடு சுவராக அவளும் உட்கார்ந்தாள். நாளைக்கும் இப்படித்தான் உட்கார வேண்டும். அடுத்த வருஷமும், அவன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும். எண்ணிப் பார்த்தவள் பாதியில் விட்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, எட்டு முதுகுகள் வயலில் குனிந்திருந்தன. அவள் நிரை யாருக்கோ போயிருந்தது.

பஞ்சநாதன் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. கடைசிப் பேருக்கு இத்தனை நாளும் அவர் பேனாவை நிறுத்தியதே இல்லை. கூப்பிடாமலே கோடு போடுவார். இன்று கூப்பிட்டார்.

"இளம்பரிதி."

பரிதி ஜன்னல் கம்பியை விரலால் சுண்டி, அதன் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேனா நின்றது நின்றபடி இருந்தது.

"உள்ளேன் ஐயா" என்றாள் தையல்நாயகி.