நாலு தடவை பிரித்துத் தைத்த பேண்ட்

எங்கள் அண்ணிக்குத் தெரிந்து எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான்: பிரித்துத் தைப்பது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவளுடைய தையல் கடை. அங்கே ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விளையாட்டு உடுப்பு அவள் கையால்தான். பட்டன் தைப்பதும் வம்பளப்பதும் என் வேலை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு அண்ணியானாள். மரியாதையெல்லாம் பேச்சுக்குத்தான்.

அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷம் வரை நூல்கண்டு வாங்கிவரச் சொன்னால், ஒரே ஓட்டத்தில் போய்த் திரும்பி வந்து நிற்பாள். இந்த வருஷம் என்ன வந்ததோ, விளையாட்டுப் பீரியட் என்றாலே வயிற்றுவலி. வெள்ளிக்கிழமை ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். "இந்தத் தடவை விட்டா இவ இனிமே ஓடவே மாட்டா" என்று அண்ணி புலம்பிக்கொண்டே இருந்தாள். இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

குறை மகளின் விளையாட்டுப் பேண்டில்தான் என்று அண்ணியே முடிவு கட்டினாள். வளர்கிற பிள்ளையென்று தொளதொளவென்று தைத்திருந்ததைப் பிடித்தாள். இறுக்குமோ என்று மறுபடி தளர்த்தினாள். எலாஸ்டிக்கை மாற்றினாள். அதுவும் போதாமல் பாக்கெட் வைத்தாள்.

"பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டா ஓடப் போறா, அண்ணி?" என்றேன். கத்தரிக்கோலைக் காட்டினாள்.

ஐந்தாவது தடவையாக அளவெடுக்கக் கூப்பிட்டபோது மகள் டேப்பைத் தட்டிவிட்டாள்.

"பேண்ட் நல்லாத்தாம்மா இருக்கு. நான் ஓடினா எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒருத்தி என்னை மாதிரியே ஓடி நடிச்சுக் காட்டறா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அதுக்காக ஓடாம இருப்பியா?"

"நீ கடைசியா எப்போ ஓடின?"

அண்ணி டேப்பை எடுத்துச் சுருட்டினாள். "பன்னெண்டு வயசுல. அன்னிக்கு ஒருத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. அதுக்கப்புறம் மைதானத்துப் பக்கமே போகல."

"யாரும்மா அது?"

"இதோ, பட்டனக் கீழ போட்டுட்டு முழிக்கிறாளே, உங்க அத்தைதான்."

எனக்கு அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. அதுதான் சுருக்கென்றது. நான் மறந்தே போன ஒரு சிரிப்பு ஒருத்தியை முப்பது வருஷம் உட்கார வைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இருவரையும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மொதல்ல நான் ஓடறேன். ரெண்டு பேரும் ஆசை தீரச் சிரிங்க" என்றேன். அரைச் சுற்றிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானும் ஓடினாள். முழங்கை இரண்டும் வெளியே விரிய, தலை ஒருபக்கம் சாய, அப்படியொரு ஓட்டம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நானும் இப்படித்தான் ஓடறேனா?"

"அச்சு அசல் இப்படியேதான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றவள், வெள்ளிக்கிழமை தானே போய்ப் பெயர் கொடுத்தாள்.